சோப்புத்தண்ணி சாலமனின் முப்பத்தெட்டு நாள்

சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் பின்னால், லாரி ஒன்று திரும்பினால் ஆள் உயரத்துக்குப் புழுதி எழும் சந்தில் சாலமனின் தகரக் கொட்டகை இருக்கிறது. வாசலில் எந்நேரமும் ஒன்றிரண்டு கிரில் பெட்டிகள் நிற்கும். சாயங்காலமானால் பிரியாணிக் கடைகளின் முன்னால், கண்ணாடிக்குள் கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருக்குமே, அந்தப் பெட்டிகள்தான். கடையை இழுத்து மூடியவர்கள், ஆர்வத்தில் ஆரம்பித்து மூன்றே மாதத்தில் அலுத்துப்போனவர்கள், புதுசு வாங்கியவர்கள் என்று எல்லாருடைய பழைய பெட்டியும் கடைசியில் இங்கே வந்துசேரும். இறங்கும்போது பார்க்கச் சகிக்காது. கோழிக் கொழுப்பு தார் மாதிரி உறைந்திருக்கும். கண்ணாடி பழுப்பேறி, பின்சுவர் பர்னர்களின் பீங்கான் தட்டுகள் விரிசல் விட்டு, சங்கிலி துருப்பிடித்து, மோட்டார் இருந்த இடத்தில் கரப்பான்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். சாலமன் அதை அக்கக்காகக் கழற்றி, காஸ்டிக் தண்ணீரில் ஊறப்போட்டுச் சுரண்டி, தட்டுகளை மாற்றி, கேஸ் வரும் துளைகளை ஊசியால் குத்தி, தகட்டைப் பளபளவென்று தேய்த்து நிறுத்தினால், விற்றுவிட்டுப் போன ஆளே வந்து, இது எந்த ஊர்ப் பெட்டி என்று விசாரிப்பான்.

ஆனால் ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த பெயருக்குக் காரணம் கைவேலை மட்டும் இல்லை. பயம். சாலமனைப் போல் பயப்படுகிற மெக்கானிக் எண்ணூரிலிருந்து ராயபுரம் வரை கிடையாது.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால், ஓட்டல் அடுப்புகளைப் பழுது பார்க்கும் ஒருவரிடம் அவர் வேலைக்கு இருந்தார். ஒருநாள் யானைக்கவுனியில் ஒரு பலகாரக் கடையின் சமையலறைக்கு அவரும் கூட வேலை செய்த ஒருவனும் போனார்கள். சாலமன் தெருமுனைக்கு டீ வாங்கப் போன ஐந்து நிமிடத்தில் கூட வந்தவன் கேஸ் கசிவது தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்தான். திரும்பி வந்தபோது கடைக்கு வெளியே ஈரச் சாக்கில் சுற்றி அவனை உட்கார வைத்திருந்தார்கள். அவன் கத்தவில்லை, அழவில்லை. சாலமனைப் பார்த்து, "டீ வாங்கினு வந்தியா?" என்று மட்டும் கேட்டான். அவன் பிழைத்துக்கொண்டான். சாலமனால்தான் அதற்கப்புறம் ஒரு குழாயையும் நம்ப முடியவில்லை.

அன்றிலிருந்து வந்தது சோப்புத்தண்ணி. வேலை முடிந்த பெட்டியில் கேஸைத் திறந்துவிட்டு, நுரை கலக்கிய தண்ணீரைப் பெயின்ட் அடிக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுவார். எங்காவது கசிந்தால் அங்கே குமிழி எழும். ஒரு பெட்டிக்குப் பதினாறு இணைப்பு இருந்தால் பதினாறிலும் குந்தி உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்ப்பார். அதற்குப் பிறகு வெறும் பெட்டியை நாற்பது நிமிடம் எரியவிடுவார். வாங்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார்கள். "இன்னாண்ணா, கிரில்லுக்கு எண்ண தேச்சி குளிப்பாட்டி வுடறியா?" என்பார்கள். சாலமன் சிரிப்பார், நகரமாட்டார். சோப்புத்தண்ணி சாலமன் என்ற பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வண்ணாரப்பேட்டையில் ஒரு கடைக்காரர் பழைய பெட்டியை விற்கும்போது சோப்புத்தண்ணியிடம் வாங்கியது என்று சொன்னால், எதிரில் இருப்பவர் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்.

அந்தப் பயம் ஒரே ஒரு காலை கண்ணயர்ந்தது.

மே மாதம் ஏழாம் தேதி, புதன்கிழமை. காசிமேட்டிலிருந்து ரேகாவும் அவள் புருஷன் குமாரவேலும் பெட்டியை எடுத்துப்போக வந்தார்கள். குமாரவேல் விசைப்படகில் கடலுக்குப் போகிறவன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் பாதி வரை படகுகள் கரையில் கட்டிக் கிடந்தன. வீட்டின் முன்னறையைக் கடையாக்கி கிரில் கோழி போடுவது ரேகாவின் யோசனை.

"இந்தாளு வூட்ல குந்திகினு ரிமோட்ட தேய்க்கறத இன்னும் எத்தினி நாள் பாக்கறது சொல்லு. அதான் கோழியோட சேத்து இவரயும் சுத்த வுடலாம்னு கீறேன்," என்றாள்.

"கம்பில குத்தாம வுட்டா சரி," என்றான் குமாரவேல்.

நான்கு கம்பிப் பெட்டி. முந்தின நாள் சாயங்காலமே சோப்புத்தண்ணி, நாற்பது நிமிடம் எல்லாம் முடிந்து தயாராக இருந்தது. சாலமனின் பெட்டிகளை ஏற்றிப் போகும் ஷிபின் தன் குட்டியானை மினி லாரியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தியிருந்தான். அப்போதுதான் ரேகா பெட்டியின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, கேஸ் மாட்ற எடம் ரைட்ல கீது. எங்க கடையில ரைட்ல சுவரு. சிலிண்டர் லெஃப்ட்லதான் நிக்கும்."

"அதுக்கு இன்னாம்மா, மாத்திக் குடுத்தா போச்சு. அஞ்சு நிமிசம்."

ஐந்து நிமிட வேலைதான். பெட்டியின் பின்னால் குறுக்கே ஒரு குழாய் ஓடும். அதன் ஒரு முனையில் ரப்பர் டியூப் மாட்டும் மூக்கு. மறுமுனையை அடைக்க ஒரு பித்தளைத் திருகு. அதை இவர்கள் டம்மி என்பார்கள். மூக்கை அந்தப் பக்கமும் டம்மியை இந்தப் பக்கமும் மாற்றிப் போட வேண்டும். சாலமன் போட்டார். ஷிபின் ஹாரனை அமுக்கி, "நைனா, எனக்கு இன்னொரு லோடு கீது, வண்டி சூடாவுது," என்றான். குமாரவேல், "உன்ன வுட வண்டி பரவால்ல போல," என்றான். பேச்சும் சிரிப்புமாக இருந்தது. சாலமன் பெட்டியைப் பற்றவைத்துக் காட்டினார். நான்கு பர்னரும் கீழிருந்து மேலாகச் சிவந்து வந்தன.

ரேகா மூக்கைச் சுளித்தாள். "இன்னாணா, கேஸ் நாத்தம் அடிக்கிது?"

சாலமனுக்கும் அடித்தது. ஆனால் சாத்தாங்காட்டில் காலையில் வாடை அடிப்பது அதிசயம் இல்லை. மேற்கே வரிசையாகக் கம்பெனிகள். காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் ஒருநாள் அழுகின முட்டை, ஒருநாள் மண்ணெண்ணெய், ஒருநாள் அசல் சிலிண்டர் வாடை. அடுப்பை மூடினோமா என்று ஓடிப்போய்ப் பார்க்கிற வழக்கத்தை இந்தப் பக்கத்துப் பெண்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

"இது எங்க ஏரியா சென்ட்டும்மா. கம்பெனி வாடை. பொறந்ததுலேர்ந்து இதத்தான் மோந்துகினு கீறோம்."

"எங்களுக்குக் கருவாடு, உங்களுக்கு இது," என்றான் குமாரவேல். எல்லாரும் சிரித்தார்கள். பெட்டி வண்டியில் ஏறியது. "நாளைக்கு நாலு மணிக்குப் பத்த வைக்கறோம். வந்து ஒரு கால் துன்னுட்டுப் போணா," என்று ரேகா வண்டியிலிருந்து கத்திவிட்டுப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. மதியம் இரண்டே முக்கால் இருக்கும். சாலமனின் மனைவி சிலுவையம்மாள் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்து, சாலமன் அடுத்த பெட்டியின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதே சந்தில் குடியிருக்கும் வெற்றி வந்து வாசலில் இருந்த காலி டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். மேற்கே உள்ள கம்பெனி ஒன்றில் அவன் கான்ட்ராக்ட் கூலி. தலையிலிருந்து கால் வரை கரி.

"இன்னாடா இது, அடுப்புலேர்ந்து எறங்கி வர்றியா?" என்றார் சிலுவையம்மாள்.

"அட போக்கா. ஷட்டவுன் வேல. திங்கக்கெழமையிலேர்ந்து மொத்த யூனிட்டும் ஆஃப். உள்ள எறங்கி சுரண்டிக்கினு கீறோம். ஒண்ணு பாத்தியா, நாலு நாளா இங்க வாடையே இல்ல. காலைல எங்க பக்கத்து வூட்ல சாம்பாருக்குப் பெருங்காயம் போட்டது எனுக்குத் தெரியுது. பொறந்ததுலேர்ந்து இப்பதான் அந்த வூட்டு சாம்பார மோக்கறேன்."

சாலமன் கண்ணாடியைப் பிடித்தபடி கேட்டார். "நேத்து காலைல அடிச்சுதேடா."

"எங்கேர்ந்து அடிக்கும்?"

"பக்கத்து கம்பெனியா இருக்கும்."

"இந்தப் பக்கம் வாடை வுடறதே நாங்கதான் மாமு. அதுல எங்குளுக்குப் போட்டியே கெடயாது. நேத்துலாம் அங்க ஒரு பீடி பொக கூட இல்ல."

சாலமன் கண்ணாடியை மெதுவாகச் சுவரோரம் சாய்த்து வைத்தார். விரல்கள் குளிர்ந்துவிட்டதை முதலில் கவனித்தார். மே மாதத்துத் தகரக் கொட்டகையில், மதியம் மூன்று மணிக்கு, விரல் குளிர்ந்தது.

டம்மிக்கு ஸ்பேனர் போட்டேனா?

கையால் திருகியது நினைவிருந்தது. பித்தளையின் சொரசொரப்பு கட்டைவிரலில் இன்னும் இருந்தது. அப்புறம் ஷிபின் ஹாரன் அடித்தான். குமாரவேல் ஏதோ சொன்னான். அப்புறம் பற்றவைத்தது. நடுவில் ஸ்பேனரை எடுத்தோமா? கண்ணை மூடினால் தன் கை ஸ்பேனரை அழுத்துவது தெரிந்தது. ஆனால் அது எந்தப் பெட்டி? நூறு பெட்டிகளுக்கு அதே கை, அதே ஸ்பேனர். புதன்கிழமைக் கையை மட்டும் அதிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை.

ரேகாவுக்குப் போன் போட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். ஓய்ந்தது. மூன்றாவது தடவை வேறொரு அழைப்பில் இருப்பதாகச் சொன்னது. குமாரவேலின் நம்பர் அவரிடம் இல்லை. ஷிபினுக்குப் போட்டார்.

"புழல்ல கீறேன் நைனா, லோடு எறக்கினு. இன்னா விஷயம்?"

"அந்தக் காசிமேட்டுக் கட எங்கடா?"

"ஐஸ் கம்பெனிக்கு எதிர்ல ஹவுசிங் போர்டு. ரெண்டாவது பிளாக், கீழ்வூடு. ரோட்ட ஒசத்தி ஒசத்திப் போட்டுட்டானுங்களா, வூடு பள்ளத்துல கீது. மூணு படி எறங்கணும். பெட்டிய எறக்கறதுக்குள்ள இடுப்பு போச்சு."

மூன்று படி. சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் படிந்து, பள்ளத்தில் தேங்கி நிற்கும்.

"சிலிண்டர் மாட்டிட்டாங்களாடா?"

"நேத்தே மாட்டியாச்சே. நான்தான் மாட்டிக் குடுத்தேன்."

போனை வைத்துவிட்டு ஒன்று, பூஜ்யம் என்று அழுத்தினார். இன்னொரு ஒன்று அழுத்தினால் தீயணைப்பு நிலையம். விரல் அங்கேயே நின்றது. வண்டி மணியடித்துக்கொண்டு போய், தெரு கூடி, பார்த்தால் டம்மி இறுக்கமாகவே இருந்தால்? சோப்புத்தண்ணி சாலமனின் பெட்டிக்குத் தீயணைப்பு வண்டி வந்தது என்ற பேச்சை அதற்கப்புறம் யார் அழிப்பது? அந்த நினைப்பு ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. ஆனால் இருந்தது. போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்பேனர், டேப், பிரஷ், சோப்புத்தூள் பாக்கெட் எல்லாவற்றையும் பையில் அள்ளினார்.

"எங்கய்யா போற, மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார் சிலுவையம்மாள்.

"அந்தப் பொண்ணு நம்பருக்கு அடிச்சிக்கினே இரு. எடுத்தா பத்த வைக்காதேன்னு சொல்லு. வேற ஒண்ணும் பேசாத. பத்த வைக்காத, சிலிண்டர மூடு. அவ்ளோதான்."

டிவிஎஸ் எக்ஸெல் ரயில் பாதையைத் தாண்டி எண்ணூர் விரைவுச் சாலையில் ஏறியது. மணி மூன்று பத்து. வழி திறந்திருந்தால் அரை மணி நேரத்துப் பயணம். திறந்திருக்கவில்லை. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்தபடி கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் துண்டு விரித்துப் படுத்திருந்தார்கள். சாலமன் லாரிக்கும் கடல் சுவருக்கும் நடுவில் இருந்த ஒரு முழ இடைவெளியில் வண்டியை விட்டார். வண்டியின் பக்கக் கண்ணாடி ஒரு லாரியில் இடித்து மடங்கியது. ஒருவன் எழுந்து, "சாவறதுக்கு எங்க வண்டிதான் கெடச்சுதா நைனா?" என்றான்.

ஒவ்வொரு லாரியைத் தாண்டும்போதும் தெற்கே வானத்தைப் பார்த்தார். புகை தெரிகிறதா என்று. தெற்கே எப்போதும் ஏதாவது ஒரு புகை இருக்கும். அன்றைக்கு இரண்டு இருந்தது. ஒன்று துறைமுகத்தின் பக்கம், அது கப்பல். இன்னொன்று எங்கிருந்து எழுகிறது என்று கணிக்க முடியவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு குழியில் இறங்கி ஏறினார். பையிலிருந்த ஸ்பேனர் முழங்காலில் அடித்தது. டோல்கேட் அருகில் வண்டியை நிறுத்தி மறுபடி ரேகாவுக்குப் போட்டார். சுவிட்ச் ஆஃப். காலையிலிருந்து எல்லாரையும் திறப்புக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு சார்ஜ் தீர்ந்திருக்கும். அல்லது. அந்த "அல்லது"வுக்கு மேல் அவர் நினைக்கவில்லை. யானைக்கவுனி வாசலில் ஈரச் சாக்கு நினைவுக்கு வந்தது. வண்டியைக் கிளப்பினார்.

ஐஸ் கம்பெனி எதிரில் வந்து நின்றபோது மணி நான்கு இருபது.

கடை எரிந்துபோயிருக்கவில்லை. பற்றவைத்திருந்தார்கள்.

மூன்று படிக்குக் கீழே, கண்ணாடிக்குள் நான்கு பர்னரும் சிவந்து நிற்க, மசாலா பூசின கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தன. உள்ளே பதினைந்து பேராவது இருப்பார்கள். படிகளில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கோழி எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாலமன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கேஸ் என்று கத்தினால் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் அந்த மூன்று படிகளுக்குப் பாய்வார்கள். பிள்ளைகள் படியில் இருக்கிறார்கள். யாராவது பெட்டியில் மோதினால், டியூப் பிடுங்கிக்கொண்டால், அதற்கு மேல் கசிவே தேவையில்லை.

ஆகையால் விருந்தாளி மாதிரி இறங்கினார். முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, பிள்ளைகளின் தலையைத் தொட்டு விலக்கி, ஒவ்வொரு படியாக. தன் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக அவர் எங்கேயும் நடந்ததில்லை.

"வாண்ணா, வா. சொன்ன மாரியே வந்துட்டியே," என்றாள் ரேகா. புதுப்புடவை. முகமெல்லாம் வெக்கையும் சந்தோஷமும். "மொதோ கால் உனுக்குதான்."

"இதோ வரேம்மா." இடது பக்கம் போய், குனிந்து, சிலிண்டரின் திருகை மூடினார். டியூபில் மிச்சமிருந்த கேஸ் எரிந்து தீர்ந்ததும் பர்னர்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கறுத்தன. கூட்டத்தில் ஓர் "அய்ய" கேட்டது.

"யோவ், இன்னாய்யா பண்ற?" என்றாள் ரேகா.

சாலமன் அவள் பக்கம் திரும்பி, தணிந்த குரலில் சொன்னார். "எல்லாரயும் வெளிய போவச் சொல்லும்மா. மெதுவா. ஓட வேணாம்."

ரேகா அவர் முகத்தைப் பார்த்தாள். என்ன கண்டாளோ, கையைத் தட்டினாள். "ஏய், எல்லாம் மேல ஏறுங்க. உள்ள வேகுது, நெரிசலா கீது. ரோட்ல காத்து வருது, அங்க நில்லுங்க. பசங்கள தூக்கினு போங்க." முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் ஏறியது. கடைசியாக அவளும் ஏறினாள். குமாரவேல் மட்டும் படியில் நின்றான்.

சாலமன் காத்திருந்தார். ஜன்னல் இரண்டும் திறந்திருந்தன. கடல்காற்று நேராக அறைக்குள் புகுந்து வாசல் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. புகைக்காகத் திறந்து வைத்த ஜன்னல். பெட்டி கை வைக்கும் சூட்டுக்கு ஆறுவதற்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் அவர் மூச்சை இழுத்து இழுத்து முகர்ந்து பார்த்தார். மசாலா, கொழுப்பு, ஐஸ் கம்பெனி, மீன், துறைமுகம். அதற்குள் கேஸ் இருந்ததா இல்லையா? அந்த மூக்கிடம் இனி எதையும் கேட்கக் கூடாது என்று தோன்றியது.

பர்னர் திருகுகளை எல்லாம் மூடி, சிலிண்டரை லேசாகத் திறந்தார். பெட்டிக்கும் வலப்பக்கச் சுவருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் சந்து. பிரஷ்ஷில் நுரையைத் தோய்த்து உள்ளே விட்டு டம்மியில் தடவினார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி. அது மிளகானது. மிளகு நெல்லிக்காயானது. உடைந்தது. உடனே அடுத்தது.

சிலிண்டரை மூடினார். டம்மியைக் கழற்றி, டேப் சுற்றி, மறுபடி முறுக்கினார். கையால் போகிற மட்டும் போனது. ஸ்பேனரைப் போட்டார். ஒன்றரைச் சுற்று இறங்கியது. நேற்று தராமல் விட்ட ஒன்றரைச் சுற்று.

"ரெகுலேட்டரு பேஜாரா அண்ணாத்த?" படியிலிருந்து குமாரவேல் கேட்டான். அங்கிருந்து அந்தச் சந்து தெரியாது. குமிழியைப் பார்த்தது சாலமன் ஒருவர்தான்.

ஆமாம் என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. ரெகுலேட்டரை மாற்றச் சொல்லிவிட்டு, ஒரு கோழிக் கால் தின்றுவிட்டு வீட்டுக்குப் போகலாம். அவர் சொல்லத்தான் வாயெடுத்தார். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று குறுக்கே வந்து நின்றது. இந்த ஒரு திருகைத்தான் விட்டோம் என்பதற்கு என்ன சாட்சி? நேற்று சிரித்துக்கொண்டிருந்த அந்தக் கை வேறு எதை விட்டதோ. இவர்கள் ரெகுலேட்டரைச் சந்தேகப்பட்டு, பெட்டியை நம்பிவிட்டால்?

"இல்லப்பா. நான்தான். டம்மிக்கு ஸ்பேனர் போடல. நேத்துலேர்ந்து கேஸ் லீக் ஆய்கினு கீது."

குமாரவேல் திரும்பி, காலியான படிகளைப் பார்த்தான். ரேகா இறங்கி வந்தாள். அவள் கேட்டிருந்தாள்.

"நேத்து நான் கேட்டேன்ல?" என்றாள்.

"கேட்டம்மா."

"இன்னா நாத்தம்னு கேட்டேன்ல. நீ இன்னா சொன்ன?"

சாலமன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சொல்லுயா. மேல நிக்கறாங்களே, என் புள்ளயும் அதுல நிக்குது, அவங்களும் கேக்கட்டும். இன்னா சொன்ன?"

"எங்க ஏரியா சென்ட்டுன்னு சொன்னேன்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. மேலே ஒரு குழந்தை கோழி எப்போது வரும் என்று கேட்டது. அதன் வாயை யாரோ பொத்தினார்கள்.

"பெட்டிய எடுத்துக்கறேம்மா. ஷிபின வரச் சொல்றேன்."

ரேகா பெட்டியைப் பார்த்தாள். உள்ளே பாதி வெந்த கோழிகள், முதுகு சிவந்து வயிறு வெளுத்து, நின்ற இடத்தில் நின்றன. "எடுத்துகினு போயி? இத இன்னொருத்தி வூட்ல கொண்டு போயி வைப்ப. வேணாம். அது இங்கயே இருக்கட்டும். நீ பத்த வை."

"நானா?"

"நீதான். நாங்க ரோட்ல நிக்கறோம். நீ உள்ள குந்திகினு பத்த வை. மொதோ கோழி வெந்து எறங்கற வரைக்கும் வெளிய வராத. இன்னிக்கு மட்டும் இல்ல. தடைக்காலம் முடியற வரைக்கும் தெனிக்கும் நாலு மணிக்கு நீ வந்து பத்த வெச்சிட்டுப் போ. உன் கையால. அப்பதான் எனுக்கு நம்பிக்க வரும்."

குமாரவேல், "ஏய், அவ்ளோ தூரத்துலேர்ந்து..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இருய்யா."

அவர்கள் ஏறிப் போனார்கள். சாலமன் பதினாறு இணைப்பிலும் நுரை தடவினார். பார்த்தார். துடைத்தார். மறுபடி தடவினார். மூன்றாவது முறையும் தடவினார். மேலே சாலை ஓரத்தில் தெரு ஆட்களும் சேர்ந்து முப்பது நாற்பது பேர் நிற்கும் சத்தம் கேட்டது. லைட்டரை எடுத்தார். முதல் இரண்டு தடவை பொறி வரவில்லை. மூன்றாவதில் வந்தது. கீழ்ப் பர்னர் பிடித்தது. அடுத்தது. அடுத்தது. கண்ணை மூடிக்கொண்டிருந்தார் என்பது நான்காவதைப் பற்றவைத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ஐம்பது நிமிடம் அந்தப் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். பாதியில் குமாரவேல் இறங்கி வந்து பக்கத்தில் குந்தினான்.

"நீ ஏம்ப்பா வந்த? மேல போ."

"கடல்ல தனியா யாரயும் வுடமாட்டோம் அண்ணாத்த. பயக்கம்." பிறகு, "பயமா கீதா?" என்றான்.

"கீது."

"எனுக்கும்தான்," என்று சொல்லிவிட்டுக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளிலிருந்து சாத்தாங்காட்டில் மூன்று மணி ஆனால் எக்ஸெல் கிளம்பும் சத்தம் கேட்கும். வெற்றி, "இன்னா மாமு, ரெண்டாவது ஷிப்டா?" என்று சீண்டுவான். விஷயம் அதற்குள் வண்ணாரப்பேட்டை வரை போய்விட்டது. இரண்டு பேர் பேசிவைத்த பெட்டியை வேண்டாம் என்றார்கள். ஒருவர் வந்து, "தப்பு பண்ணிட்டு உண்மைய சொன்னியாமே," என்று ஒன்று வாங்கிப் போனார். சாலமன் நான்கு மணிக்கு மூன்று படி இறங்குவார். நுரை தடவுவார். லைட்டரை எடுப்பார். ரேகா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்பாள். பத்துப் பதினைந்து நாளுக்குப் பிறகு படி வரை வந்தாள். அப்புறம் உள்ளேயே நின்று மசாலா தடவ ஆரம்பித்தாள். டீ போட்டுக் கொடுத்தாள். ஆனால் லைட்டரைத் தொடவில்லை. அவரும் ஒருநாள்கூட மூன்று முறைக்குக் குறைவாக நுரை தடவியதில்லை. முப்பத்தெட்டு நாள்.

ஜூன் பதினாலாம் தேதி, சனிக்கிழமை. நள்ளிரவோடு தடை முடிகிறது. தெருவெல்லாம் ஐஸ் பெட்டி ஏறுவதும் வலை ஏறுவதுமாக இருந்தது. குமாரவேல் படகுக்குப் போய்விட்டான். சாலமன் பற்றவைத்துவிட்டு எழுந்தபோது ரேகா வந்து கையை நீட்டினாள்.

"லைட்டர இப்டி குடுணா. நாளையிலேர்ந்து நானே பத்த வெச்சிக்கறேன். அந்த நொர தடவறதயும் பாத்து வெச்சிக்கினேன். நீ அலையாத."

இந்த வார்த்தைக்காகத்தான் முப்பத்தெட்டு நாளும் அவர் வந்துபோனார். கேட்டதும் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கும் என்று நினைத்திருந்தார். லைட்டரை அவள் உள்ளங்கையில் வைத்தார். வெளியே வந்து எக்ஸெலை உதைத்தார். அது கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். இந்தத் தடவை கிளம்பியது. இத்தனை நாளும் தீ பிடித்தால் அவர்தான் பக்கத்தில் இருந்திருப்பார். நாளைக்கு நான்கு மணிக்கு அவள் தனியாகக் குனிவாள். அவர் சாத்தாங்காட்டில் இருப்பார். இனிமேல் ஒவ்வொரு நாளும் நான்கு மணி வரும்.

வண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பி இறங்கினார்.

"இன்னாணா, எதுனா மறந்துட்டியா?" என்றாள் ரேகா.

"இல்லம்மா," என்றார் சாலமன். "தெனிக்கும் பத்த வெச்சதும் எனுக்கு ஒரு போன் அடி. எடுத்துடுவேன். எந்நேரம்னாலும் எடுத்துடுவேன்."